சாப்வித் கேமல் முதல் தேஜஸ் வரை: யாருடைய திறமை பெரிது?

வான்நோக்கி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். போர் விமானம் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு வாக்கியம் வந்து விழுந்துவிடுகிறது. "அந்தக் காலத்து விமானிதான் விமானி. இப்போ இருக்கிறவங்க பொத்தானை அழுத்துறாங்க, மிச்சத்தை கம்ப்யூட்டர் பாத்துக்குது." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் மறுப்பதற்கு முன்னால் அந்தப் பழைய விமானிகளுக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிட வேண்டும்.

முதல் உலகப் போரில், 1917-ஆம் ஆண்டின் நடுவில் பிரிட்டிஷ் படைக்கு வந்த சாப்வித் கேமல் என்ற போர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். எஞ்சின், இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள், பெட்ரோல் தொட்டி, விமானி, எல்லாமே முன்பக்கம் ஏழே அடிக்குள் அடைந்து கிடக்கும். மேலே மூடி கிடையாது. பதினைந்தாயிரம் அடிக்கு மேலே ஆக்சிஜன் இல்லாமல், முகத்தில் பனிக்காற்று அறைய உட்கார்ந்திருக்க வேண்டும். துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சண்டைக்கு நடுவே சுத்தியலால் தட்டி அதை விடுவிப்பார்கள். பலூனில் ஏறி வேவு பார்த்தவர்களுக்குப் பாராசூட் கொடுத்த அதே பிரிட்டன் விமானிகளுக்குப் போர் முடியும் வரை கொடுக்கவில்லை. ஜெர்மானியர்களுக்கு 1918-இல்தான் கிடைத்தது. அவர்களின் புகழ்பெற்ற விமானி எர்ன்ஸ்ட் உடெட் அந்த ஆண்டு ஜூன் மாதம் உயிர் தப்பியது அதனால்தான்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு சண்டையும் போட்டவர்களை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். என் வாதம் வேறு. அவர்களுடைய திறமையில் பெரும்பகுதி சொந்த விமானத்திடமிருந்து உயிர் தப்புவதற்கே செலவானது. இன்றைய விமானிக்கு அந்தச் சுமை குறைந்திருக்கிறது. அந்த இடத்தில் வேறு சுமை ஏறியிருக்கிறது. விமானத்தைத் திருப்பும் பிடியான ஸ்டிக்கைப் பிடிக்கும் கையை மட்டும் அளந்துவிட்டு "திறமை குறைந்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

உங்கள் கருத்துகளைச் சான்றுகளோடு எழுதுங்கள்.

கடற்காகம் எழுதியது:

நான் எதிர்த்தரப்பு. நீங்கள் சொன்ன உதாரணமே என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. எஞ்சின் சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். கன்னத்தில் படும் காற்றை வைத்து விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று உணர்ந்தார்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்று எந்தத் திரையும் சொல்லவில்லை. கண்ணால் தேடினார்கள். மேகத்துக்குள் நுழைந்தால் எது மேல், எது கீழ் என்று காட்டும் கருவிகூட இல்லை.

இரண்டாம் உலகப் போரிலும் இதே கதைதான். 1942 ஆகஸ்டில் சபுரோ சகாய் என்ற ஜப்பானிய விமானிக்கு பசிபிக் கடலின் குவாடல்கனால் தீவருகே தலையில் குண்டடி. ஒரு கண் தெரியவில்லை, உடம்பின் ஒரு பக்கம் மரத்துப்போயிருக்கிறது. அந்த நிலையில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் கடல்மேல் பறந்து தங்கள் தளமான ரபாவுலில் தரையிறங்கினார். நாலரை மணி நேரத்துக்கும் மேல். ஜி.பி.எஸ். கிடையாது, தானாக ஓட்டும் கருவி கிடையாது. இன்றைய விமானியின் திரைகளை எல்லாம் அணைத்துவிட்டு அதே கடலைக் கடக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

கேமல் ஏன் அவ்வளவு பொல்லாத விமானம் என்பதை விளக்கினால் பேச்சு தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

அதில் இருந்தது ரோட்டரி எஞ்சின். சாதாரண எஞ்சினில் உருளைகள் நிற்கும், உள்ளே தண்டு சுற்றும். இதில் தலைகீழ். தண்டை விமானத்தோடு ஆணி அடித்தாற்போல் பிணைத்துவிட்டு, ஒன்பது உருளைகளும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். விமானத்தின் மூக்கில் அத்தனை எடையும் ஒரு பம்பரமாகச் சுழல்கிறது என்று அர்த்தம். சுழலும் பொருளை ஒரு பக்கம் திருப்பினால் அது அந்தத் திருப்பத்துக்குச் செங்குத்தான திசையில் உதைக்கும். கேமலில் வலது பக்கம் திரும்பினால் மூக்கு கீழே விழும். இடது பக்கம் திரும்பினால் மூக்கு மேலே ஏறும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடது காலால்தான் சுக்கானை மிதிக்க வேண்டும். வலப்புறத் திருப்பம் மட்டும் மின்னல் வேகம். இடது பக்கம் 90 பாகை திரும்ப வேண்டியவர்கள் வலது பக்கமாக 270 பாகை சுற்றி வந்ததும் உண்டு.

வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் இன்றைய அர்த்தத்தில் முடியாது. ஸ்டிக்கில் இருக்கும் பொத்தானை அழுத்தித் தீப்பொறியை விட்டுவிட்டு அணைப்பார்கள். தரையிலிருந்து எழும்பிய சில நொடிகளில் பெட்ரோல் கலவையைக் கையால் சரிசெய்ய வேண்டும். தவறினால் எஞ்சின் திணறி நின்றுவிடும். புதியவர் பதற்றத்தில் திரும்பி ஓடுதளத்துக்கே வரப் பார்ப்பார். வேகம் போதாமல் இறக்கை தாங்கும் விசையை இழந்து (இதைத்தான் ஸ்டால் என்பார்கள்), சுழன்றபடியே விழும் ஸ்பின்னில் சிக்கி, அந்த உயரத்தில் மீள வழியில்லாமல் விழுவார். பயிற்சி மாணவர்கள் பலர் இறந்தது இப்படித்தான். எதிரி சுட்டு இறந்த கேமல் விமானிகளுக்குக் கிட்டத்தட்ட இணையான எண்ணிக்கையில் விபத்தில் இறந்தவர்கள் உண்டு.

எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் மசகு. எரியாத எண்ணெய் வெளியே சிதறி விமானி முகத்தில் படியும். அதன் புகையைச் சுவாசித்து வயிறு கெட்டவர்கள் நிறைய. நம் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சிம் பறவை எழுதியது:

வாத்தியார் சார், நான் கணினி சிமுலேட்டரில் கேமல் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இடது திருப்பத்தில் அது என்னமோ செய்கிறது என்று மட்டும் தெரியும், காரணம் இப்போதுதான் புரிகிறது. ஒரு சந்தேகம். ஸ்பின்னிலிருந்து மீள்வது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதா, இல்லை அவரவரே கண்டுபிடித்ததா?

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

தம்பி, ஆரம்பத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 1912 ஆகஸ்டில் வில்ஃபிரட் பார்க் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பலர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பின்னிலிருந்து மீண்டு வந்தார். கீழே இருந்த வல்லுநர்கள் அதைக் குறித்துவைத்தார்கள். அப்படியும் போர் தொடங்கியபின் வெகுகாலத்துக்கு ஸ்பின் என்றால் சாவு என்றே விமானிகள் நம்பினார்கள்.

அதை மாற்றியவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் அவர் நடத்திய பள்ளியில் அவ்ரோ 504 விமானத்தில் மாணவரை உட்காரவைத்து, வேண்டுமென்றே ஸ்பின்னில் தள்ளி, மீளக் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய். ஆபத்தைத் தவிர்க்கச் சொல்வதை விட்டு, ஆபத்துக்குள் அழைத்துப்போய் வெளியே கூட்டிவருவது அவர் முறை. அவர் முதலில் பயிற்சி கொடுத்தது ஆசிரியர்களுக்குத்தான் என்பதையும் கவனியுங்கள். 1954-லிருந்து நம் தாம்பரத்தில் இயங்கும் விமானப் பயிற்றுநர் பள்ளி செய்யும் வேலையும் அதுவே. ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்குக் கற்றுக்கொடுப்பது.

நிலா மதுரை எழுதியது:

கடற்காகம் அண்ணா, சகாய் கதையைப் படிக்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் நாம் எடுத்துப் பேசுவது எல்லாமே தப்பித்தவர்களின் கதை, உச்சியில் இருந்தவர்களின் கதை. சராசரி விமானி எப்படி இருந்தார் என்று பாருங்கள். 1917 ஏப்ரலை பிரிட்டிஷ்காரர்கள் 'ரத்த ஏப்ரல்' என்றே குறிப்பிடுகிறார்கள். அந்த ஒரே மாதத்தில் 245 விமானங்களை இழந்தார்கள். போர்முனைக்கு அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு இருபது மணி நேரப் பறப்பு அனுபவம்கூட இல்லை. அவர்கள் திறமையற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. திறமை வளர்வதற்கு அவர்களுக்கு நாள் கொடுக்கப்படவில்லை.

இன்னொன்று. அந்தக் காலத்தில் வென்றது கைத்திறமைதானா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. வெர்னர் வாஸ் என்ற ஜெர்மன் விமானியைப் பாருங்கள். 1917 செப்டம்பர் 23. மூன்றடுக்கு இறக்கை ஃபோக்கரில் தன்னந்தனியாக பிரிட்டனின் 56-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவின் எஸ்.இ.5ஏ விமானங்களிடம் மாட்டிக்கொண்டார். அவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, மெக்கடன் உட்படப் பேர்பெற்ற விமானிகள். பத்து நிமிடம்போல அத்தனை பேரையும் சமாளித்து, அவர்களுடைய விமானங்களைத் துளைத்துக்கொண்டே இருந்தார். விமானத்தைக் கையாளும் வித்தையில் அதற்கு மேல் ஒரு மனிதர் போக முடியுமா என்று தெரியவில்லை. மெக்கடனே பின்னால் மனம்விட்டுப் பாராட்டி எழுதினார். ஆனால் அன்றைக்கே வாஸ் இறந்துபோனார், இருபது வயதில். தப்பி ஓடியிருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு. சண்டையை விடாமல் நின்றார்.

மறுபக்கம் இன்னொரு ஜெர்மன் விமானி ரிஷ்தோஃபன். 80 விமானங்களை வீழ்த்தியவர். வித்தை காட்டி ஓட்டுவதில் அவர் வாஸ் அளவுக்கு வரமாட்டார் என்பது பரவலான கருத்து. அவருடைய பலம் அவருடைய குரு போயல்க்கே 1916-இல் வகுத்துக் கொடுத்த விதிகள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். தாக்குவதற்கு முன்பே சாதகமான இடத்தைப் பிடி. மிக அருகில் போன பிறகே சுடு. எதிரி எல்லைக்குள் போனால் திரும்பும் வழியை மறக்காதே. கூட்டமாகத் தாக்கு. இவற்றில் ஸ்டிக்கை எப்படி ஆட்ட வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. அத்தனையும் சண்டை தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய யோசனை. 1918 ஏப்ரல் 21 அன்று ரிஷ்தோஃபன் ஒரு கேமலைத் துரத்திக்கொண்டு தாழப் பறந்து எதிரி எல்லைக்குள் போனார். திரும்பும் வழியை மறக்காதே என்ற விதியை மீறிய அன்று செத்தார்.

கடற்காகம் எழுதியது:

அம்மா நிலா, வாஸ் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அவரைப் போன்ற ஒருவரை இன்று காட்டுங்கள் என்பதுதான் என் கேள்வி. இன்றைய விமானம் விமானியைத் தவறு செய்யவே விடுவதில்லை. ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் எல்லையைத் தாண்டி ஸ்டால் ஆகாதபடி கணினி தடுக்கிறது. தரையில் மோதப் போனால் அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானம் தானே மேலே இழுத்துக்கொள்கிறது. பாதுகாப்பு நல்லதுதான், உயிர்கள் பிழைப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் விழாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் எப்போதும் கூடவே இருந்தால் கால் எப்படிப் பழகும்?

ஓய்வுபெற்ற ஃபிட்டர் எழுதியது:

ஐயா, நான் விமானி இல்லை. விமானப்படையில் ஏர்ஃப்ரேம், அதாவது விமானத்தின் உடற்கூடு, பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானிகளை ஏணியில் ஏற்றிவிட்டதும் இறக்கிவிட்டதும் நாங்கள். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பொத்தான் அழுத்துகிறவர் என்று சொல்கிறவர்கள் சண்டைப் பயிற்சி முடித்து இறங்கும் விமானியை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மார்கழிக் குளிரிலும் ஓவரால் முதுகோடு ஒட்டிப்போயிருக்கும். சிலருக்கு முன்கையின் உள்பக்கம் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி தெரியும். வேகத்தில் சட்டென்று திரும்பும்போது உடம்பை அழுத்தும் ஜி விசையில் சின்ன ரத்தக்குழாய்கள் உடைந்ததால் வருவது. 9 ஜி என்றால் 70 கிலோ ஆள் 630 கிலோ ஆகிறார். ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலை மட்டுமே ஒரு சிமெண்ட் மூட்டைக்கு மேல் கனக்கும். அந்தத் தலையைத் திருப்பி முதுகுக்குப் பின்னால் எதிரி எங்கே என்று பார்க்க வேண்டும். ரத்தம் மூளையிலிருந்து இறங்கிவிடாமல் காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்து மூன்று நொடிக்கு ஒருமுறை வெடுக்கென்று மாற்ற வேண்டும். காலையும் வயிற்றையும் அழுத்திப் பிடிக்கும் ஜி-சூட் உடை கொஞ்சம் உதவும், மிச்சம் உடம்புதான் செய்ய வேண்டும். இதற்கு நடுவில் ரேடியோவில் தெளிவாகப் பேசவும் வேண்டும். பிடி தளர்ந்தால் மயக்கம். பத்துப் பன்னிரண்டு நொடி நினைவே இருக்காது, விழித்த பிறகும் எங்கே இருக்கிறோம் என்று புரிய இன்னும் சில நொடி ஆகும். ஜெட் அதற்குள் எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடற்காகம் ஐயா சொன்ன அந்த எஃப்-16 கருவி காப்பாற்றியதும் இப்படிப்பட்டவர்களைத்தான். 2016-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பயிற்சி மாணவர் 8 ஜிக்கு மேல் போய் மயங்கிவிட்டார். மூக்கு தரையைப் பார்த்து இறங்குகிறது, வேகம் ஒலியைத் தாண்டிவிட்டது, ஆசிரியர் ரேடியோவில் கத்துகிறார். கருவிதான் தூக்கிவிட்டது. மாணவரின் காலைக் குறை சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. மனித உடம்புக்கு இருக்கும் எல்லை அது.

நம் படையில் மிக்-21 காலத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். முக்கோண வடிவ டெல்டா இறக்கை, இறங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம், முன்னால் சரியாகத் தெரியாது. மெதுவான கிரண் பயிற்சி விமானத்திலிருந்து நேரே அந்த விமானத்துக்கு இளம் விமானிகள் தாவினார்கள். நடுவில் ஒரு மேம்பட்ட பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1980-களிலேயே குழு அமைத்துப் பரிந்துரைத்தார்கள். அப்படிப்பட்ட ஹாக் ஜெட் வந்தது 2008-இல். அந்த இடைவெளியில் போன பிள்ளைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. கேமல் மாணவர்களைப் பற்றி வாத்தியார் எழுதியதைப் படித்தபோது எனக்கு அவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

நாட் என்ற போர் விமானம் பற்றியும் ஒரு வார்த்தை. பொம்மை மாதிரி சின்ன விமானம், ஆனால் கட்டுப்பாட்டு அமைப்பில் தொல்லை உண்டு, லேசில் அடங்காது. அதை வைத்து 1971 நவம்பர் 22 அன்று கிழக்கு பாகிஸ்தான் எல்லையோரம் போய்ரா மேலே நம் நாட் விமானங்கள் நாலு பாகிஸ்தானின் சேபர் ஜெட்கள் மூன்றோடு மோதின. மூன்று நிமிடம்கூட இருக்காது. இரண்டு சேபர் விழுந்தது, ஒன்று அடிபட்டுத் தப்பியது. கணபதி, லாசரஸ், மாஸி, சோரஸ் என்று விமானிகளின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். கீழே ராடார் முன்னால் உட்கார்ந்து சரியான இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோய் நிறுத்திய கட்டுப்பாட்டு அதிகாரி பாக்சியின் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலா அம்மா எழுதிய 'தாக்குவதற்கு முன்பே இடம் பிடி' என்பது இதுதான்.

டிசம்பர் 14-இல் ஸ்ரீநகரில் குண்டு விழும் ஓடுதளத்திலிருந்தே நாட் விமானத்தை எழுப்பி ஆறு சேபர்களோடு மோதி உயிர்விட்ட நிர்மல் ஜித் சிங் சேகோன் 18-ஆம் ஸ்குவாட்ரன்காரர். விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அதே ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் நம் சூலூரில் தேஜஸோடு மறுபடி தொடங்கப்பட்டது. தேஜஸ் இயல்பிலேயே நிலையில்லாமல் வடிவமைக்கப்பட்ட விமானம். கணினி இல்லாவிட்டால் மனிதக் கையால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அப்படி வடிவமைத்ததால்தான் அது சட்டென்று திரும்புகிறது.

வான்நோக்கி எழுதியது:

ஃபிட்டர் ஐயாவுக்கு நன்றி. இந்த இழையை ஆரம்பித்ததற்கு இப்படி ஒரு பதிவு போதும்.

கடற்காகம் நண்பரின் 'வாஸைப் போன்ற ஒருவர்' கேள்விக்கு என் பதில் 1983 மே 1. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தின் மேலே பயிற்சிச் சண்டையில் ஓர் எஃப்-15 போர் விமானம் ஒரு ஸ்கைஹாக் விமானத்தோடு மோதியது. எஃப்-15-இன் வலது இறக்கை உடம்பிலிருந்து இரண்டடிகூட மிஞ்சாமல் பிய்ந்துபோனது. பீறிட்ட எரிபொருள் மறைத்ததால் இறக்கை இல்லை என்பதே விமானி ஸிவி நெடிவிக்குத் தெரியவில்லை. விமானம் சுழன்று விழத் தொடங்கியது. அவர் எஞ்சினுக்குக் கூடுதல் உந்துவிசை தரும் ஆஃப்டர்பர்னரைத் தட்டிவிட்டு வேகத்தைக் கூட்டி, அந்த வேகத்தாலேயே அதை நிமிர்த்தினார். வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில், மணிக்கு 480 கிலோமீட்டர் வாக்கில், ரமோன் தளத்தில் இறக்கினார். விமானத்தைப் பிடித்து நிறுத்த உதவும் வால் கொக்கி பிய்ந்து போனது. ஓடுதளத்தின் கடைசியில் இருக்கும் தடுப்புக்குச் சில மீட்டர் முன்னால் விமானம் நின்றது. இறங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான் ஒரு பக்கம் வெறுமையாக இருந்ததைக் கண்டார். எஃப்-15 முழுக்கக் கணினி ஓட்டும் விமானமும் இல்லை. இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

ஆனால் இப்படி அபூர்வ நிகழ்ச்சியை வைத்து வாதாடுவதைவிட இன்றைய விமானியின் சாதாரண நாளை வைத்து வாதாடவே எனக்கு விருப்பம். ராடார் காட்டும் புள்ளிகள், எச்சரிக்கைக் கருவியின் ஒலிகள், கூட வருகிறவர்கள் தரவு இணைப்பில் அனுப்பும் படம், பின்னால் பறக்கும் கண்காணிப்பு விமானத்தின் குரல், எரிபொருள் கணக்கு, வானில் எண்ணெய் நிரப்பும் விமானத்தைச் சந்திக்க வேண்டிய நேரம், எங்கே சுடலாம் எங்கே கூடாது என்ற கட்டளைகள். இவ்வளவையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருப்பது எதிரியா, நம்மவரா, பயணிகள் விமானமா என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். கேமல் விமானி எதிரியின் முகத்தைப் பார்க்கும் தூரத்தில் சுட்டார். அவருக்கு இந்தக் கேள்வி இந்த வடிவத்தில் வந்ததே இல்லை.

இன்றைய அமெரிக்கப் போர் விமானங்களான எஃப்-35, எஃப்-22 இரண்டிலும் இரட்டை இருக்கை வகை கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாது. சிமுலேட்டரில் பழகிவிட்டு, உண்மையான விமானத்தில் முதன்முதல் ஏறும்போதே தனியாகத்தான் ஏற வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் காஸ்போர்ட் மாணவருக்கு இருந்த துணைகூட இவர்களுக்கு இல்லை.

கடற்காகம் எழுதியது:

நெடிவியை என் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்கிறேன், மறுக்கவில்லை. இருந்தாலும் என் மனதில் இருக்கும் கவலையைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு போட்டி நடந்தது. சிமுலேட்டரில் அனுபவமுள்ள எஃப்-16 பயிற்றுநர் ஒருவர் செயற்கை நுண்ணறிவோடு துப்பாக்கிச் சண்டை போட்டார். ஐந்துக்கு ஐந்தும் கணினி ஜெயித்தது. 2023-இல் எஃப்-16-ஐ மாற்றியமைத்த எக்ஸ்-62ஏ என்ற உண்மையான சோதனை விமானத்தையே அப்படி ஓட்டி, மனிதர் ஓட்டும் எஃப்-16-க்கு எதிராகப் பறக்கவிட்டார்கள். நாம் வேலையைக் கருவியிடம் விட்டுக்கொண்டே போனால் கடைசியில் விமானிக்கு என்ன மிஞ்சும்? எனக்கு இது வெறும் வாதம் இல்லை. சின்ன வயதிலிருந்து விமானிகளைப் பார்த்து அண்ணாந்து நின்றவன் நான்.

நிலா மதுரை எழுதியது:

அண்ணா, அந்தப் போட்டியில் கணினிக்கு எதிரியின் இடம், வேகம், திசை எல்லாம் பிழையில்லாமல் கொடுக்கப்பட்டிருந்தன. தேடிக் கண்டுபிடிக்கும் வேலையே அதற்கு இல்லை. வான்சண்டையில் பாதிக்கு மேல் அந்த வேலைதான். இரண்டாம் உலகப் போரில் 352 விமானங்களை வீழ்த்திய ஜெர்மன் விமானி எரிக் ஹார்ட்மன்கூட, தன்னிடம் விழுந்தவர்களில் பெரும்பாலோர் தன்னைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொன்னார்.

உங்கள் கவலைக்கு வரலாற்றில் நேரடியான பதில் ஒன்று உண்டு. வியட்நாம். ஏவுகணை வந்துவிட்டது, இனி நெருங்கிச் சண்டை போடும் வேலை இருக்காது என்று அமெரிக்கர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். எஃப்-4 ஃபான்டமை உள்ளே துப்பாக்கியே இல்லாமல் கட்டினார்கள். விமானிகளுக்கு வான்சண்டைப் பயிற்சியைக் குறைத்தார்கள். போரில் ஸ்பாரோ ஏவுகணைகளில் பத்தில் ஒன்றுகூட இலக்கை வீழ்த்தவில்லை. அமெரிக்கக் கடற்படை இரண்டு எதிரி விமானங்களை வீழ்த்தினால் தன்னுடையது ஒன்று விழுகிறது என்ற நிலைக்கு வந்தது. 1968-இல் கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் தலைமையில் ஆராய்ந்தார்கள். 1969 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மிராமரில் 'டாப்கன்' பள்ளி தொடங்கியது. அதே விமானம், ஏறக்குறைய அதே ஏவுகணைகள். மாறியது பயிற்சி. போரின் கடைசிக் கட்டத்தில் அந்தக் கணக்கு பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவுக்கு ஏறியது. அப்படிப்பட்ட பயிற்சியை அதே வேகத்தில் கொண்டுவராத அமெரிக்க விமானப்படையின் கணக்கில் அந்த ஏற்றம் தெரியவில்லை.

ஸ்மித்-பாரி 1917-இல் செய்ததை ஐம்பது ஆண்டு கழித்து இன்னொரு தலைமுறை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. நான் பயப்படுவது கணினியைப் பார்த்து இல்லை. கணினி இருக்கிறதே என்று பறப்பு மணியைக் குறைக்கும் நிர்வாகத்தைப் பார்த்து.

சிம் பறவை எழுதியது:

நிலா அக்கா, இரண்டு காலத்திலும் பறந்த யாராவது இருக்கிறார்களா? ஒரே ஆளை இரண்டு விமானத்திலும் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுமே.

வான்நோக்கி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. முதல் உலகப் போருக்கும் ஜெட்டுக்கும் நடுவே பாலம் கிடைப்பது கஷ்டம். ஆனால் விசிறி விமானத்திலிருந்து ஜெட்டுக்கு வந்து இரண்டிலும் ஜெயித்தவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் 28 விமானங்களை வீழ்த்திய அமெரிக்கர் ஃபிரான்சிஸ் கப்ரெஸ்கி கொரியப் போரில் சேபர் ஜெட்டிலும் ஏஸ் ஆனார், அதாவது ஐந்து எதிரி விமானங்களாவது வீழ்த்தியவர் ஆனார்.

என் மனதுக்கு நெருக்கமானவர் அமெரிக்கர் ராபின் ஓல்ட்ஸ். 1944-45-இல் லைட்னிங், மஸ்டாங் விமானங்களில் ஐரோப்பாவில் ஏஸ். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 44 வயதில், வியட்நாமில் ஃபான்டம் ஓட்டினார். வட வியட்நாமின் மிக்-21 விமானங்கள் குண்டு சுமந்துவரும் எஃப்-105-களைத் தாக்கிவிட்டு ஓடிவிடும், ஃபான்டம் வந்தால் தலைகாட்டாது. 1967 ஜனவரி 2 அன்று ஓல்ட்ஸ் ஃபான்டம்களை எஃப்-105 போலவே வேடமிட்டு அழைத்துப்போனார். அதே பாதை, அதே வேகம், அதே அழைப்புப் பெயர்கள், அவற்றில் மாட்டும் அதே மின்னணுக் கருவி. ஏமாந்து மேலே வந்த மிக்-21-களில் ஏழு வீழ்த்தப்பட்டதாக அமெரிக்கர்கள் கணக்குச் சொன்னார்கள். அமெரிக்கத் தரப்பில் இழப்பில்லை.

அந்த வெற்றியில் மஸ்டாங் காலத்துக் கண்ணும் பொறுமையும் இருந்தன. ராடார், ஏவுகணை, மின்னணுக் கருவி பற்றிய புதிய படிப்பும் இருந்தது. அவர் பழையதை விடவும் இல்லை, புதியதை வெறுக்கவும் இல்லை. ஃபான்டமில் துப்பாக்கி இல்லையே என்று கடைசிவரை சத்தம் போட்டவரும் அவர்தான். ஒரே மனிதர், இரண்டு காலம், வியட்நாமில் அவர் கணக்கில் நான்கு மிக்.

சிம் பறவை எழுதியது:

அண்ணா, நம் நாட்டுக்காரர் யாராவது முதல் உலகப் போரில் பறந்தார்களா?

நிலா மதுரை எழுதியது:

பறந்தார்கள் தம்பி. ஹர்தித் சிங் மாலிக் தலைப்பாகையின் மேல் தனியாகத் தைத்த ஹெல்மெட் அணிந்து கேமல் ஓட்டினார். கொல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் எஸ்.இ.5ஏ ஓட்டினார். ராய்க்குக் கண் பார்வை போதாது என்று முதலில் ஒதுக்கிவிட்டார்கள். தன் மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் மருத்துவரிடம் மறுபரிசோதனை செய்து சேர்ந்தார். பிறகு ஒரு விபத்து, மறுபடி பயிற்சி. 1918 ஜூலையில் 40-ஆம் ஸ்குவாட்ரனில் 13 நாட்களில் 10 வெற்றிகள். ஜூலை 22 அன்று பிரான்சில் கார்வின் மேலே நடந்த சண்டையில் இறந்தார். வயது 19. மொத்தப் பறப்பு 170 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

நேட்டோ நாடுகள் தங்கள் போர் விமானி ஒருவர் ஓர் ஆண்டில் பறக்க வேண்டும் என்று வைத்திருக்கும் அளவு 180 மணி நேரம். ராயின் முழு வாழ்க்கையும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

கடற்காகம் எழுதியது:

ராய் பற்றிப் பத்துப் பேருக்காவது சொல்வேன். ஓல்ட்ஸ் விஷயத்தில் வாயடைத்துவிட்டது, ஆனாலும் என் கட்சியை முழுசாக விட மனமில்லை. கடைசியாக ஒன்று. இன்றைய ஜெட் விமானியைக் கேமலில் உட்காரவைத்தால் ஓட்டுவாரா, மாட்டாரா?

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

ஓட்டுகிறார்கள் ஐயா. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுஷயரின் ஓல்ட் வார்டன் விமானத்தளத்தில் ஷட்டில்வர்த் சேகரிப்பு என்ற அமைப்பு இருக்கிறது. பழைய கிளர்ஜெட் ரோட்டரி எஞ்சின் பொருத்தி, பழைய வரைபடப்படி கட்டிய கேமல் அவர்களிடம் பறக்கிறது. அங்கே ஓட்டுகிறவர்களில் ராயல் விமானப்படையின் ஜெட் விமானிகளாகவும் சோதனை விமானிகளாகவும் இருந்தவர்கள் உண்டு. எடுத்த எடுப்பில் யாரையும் அதில் ஏற்றிவிடுவதில்லை. எளிதான பழைய விமானங்களில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்றுகிறார்கள். காற்று பலமாக வீசினால் விமானத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை. 1917-இல் காற்று வீசினாலும் எடுத்தார்கள், அந்தப் பக்கத்திலிருந்து சுட்டுக்கொண்டும் இருந்தார்கள். உங்கள் கட்சிக்கு அந்த அளவு இடம் நான் தருவேன்.